ஆணிதான் கழண்டிருக்கு, சரம் அறுந்து போகல

டிஸ்கி: இது பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், ஏன்னா கடைசிப் பக்கத்துல உ.வே.சா. வர்றார் :-) கட்டளைகளையெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன். வாய்விட்டுப் படிச்சா தானா பிடிபட்டுரும்.

நம்ம பயலுககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. கிட் களஞ்சியத்துல ஒரு கிளை காணாமப் போனா, இல்ல "உடைஞ்ச ரெஃப்"னு திரையில நாலு வரி வந்தா, ஒரு நிமிசம் முழிப்பாய்ங்க. அடுத்த நிமிசம் அந்த ஃபோல்டரையே மொத்தமா அழிச்சுட்டு, சர்வர்ல இருந்து புதுசா க்ளோன் எடுத்துருவாய்ங்க. கேட்டா, "ரீக்ளோன் பண்ணிட்டேண்ணே, சரியாயிருச்சு"ம்பாய்ங்க.

சரியாகல தம்பி. வீட்டுல ஒரு சாவி தொலைஞ்சதுக்கு வீட்டையே இடிச்சிருக்க.

அந்தப் பழைய ஃபோல்டர்ல என்னவெல்லாம் இருந்துச்சு? இன்னும் சர்வருக்கு அனுப்பாத கமிட்டுகள். பாதி வேலையில ஓரமா எடுத்து வச்ச ஸ்டாஷ். நீ தனியா பேரு வச்சு முயற்சி பண்ணிப் பார்த்த கிளைகள். இதையெல்லாம் விட முக்கியமா, எல்லாத்தையும் மீட்டுத் தந்திருக்கக் கூடிய ரிஃப்லாக். இதுல ஒண்ணுகூட புது க்ளோன்ல வராது. ஒரு ஆபீஸ்ல (பேரு வேணாம்) ஒரு பையனோட நாலு நாள் உழைப்பு இப்படித்தான் போச்சு. போனது கிட்டால இல்ல. "அழிச்சுட்டு மறுபடி எடு"ன்னு பக்கத்து சீட்டுல இருந்து வந்த அறிவுரையால.

என் கட்சி இதுதான்: கமிட், புஷ், புல் சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாடி, கிளைன்னா என்ன, அது கழண்டா எப்படித் திருப்பி மாட்டணும்கிறதைச் சொல்லிக் குடுக்கணும். நீச்சல் கத்துக்கிறவனுக்கு மூச்சுப் பிடிக்கிறது மாதிரி. நம்ம ஊர்ல இதைத் தலைகீழாச் சொல்லிக் குடுக்குறோம்.

*

கிளைன்னா என்ன?

மதுரைக்காரனுக்கு இதைச் சொல்ல மல்லிகைப்பூவை விட நல்ல உதாரணம் கிடையாது. (2013-ல புவிசார் குறியீடு வாங்கின பூ. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு நா காலையில போய்ப் பாருங்க.)

கமிட்டுங்கிறது ஒரு பூ. ஒவ்வொரு பூவும் தனக்கு முன்னாடி கட்டின பூவோட சேர்த்து நார்ல கட்டப்பட்டிருக்கு. கடைசிப் பூவைப் பிடிச்சுத் தூக்கினா முதல் பூ வரைக்கும் மொத்தச் சரமும் கூட வந்துரும். அந்தக் கடைசிப் பூவை மாட்டி வச்சிருக்கிற ஆணிதான் கிளை. அவ்வளவுதான். கிளைக்குள்ள பூ எதுவும் கிடையாது.

நம்ப முடியலைன்னா உங்க களஞ்சியத்துல டாட் கிட் ஃபோல்டரைத் திறங்க. ரெஃப்ஸ், அதுக்குள்ள ஹெட்ஸ், அதுக்குள்ள உங்க கிளையோட பேர்லயே ஒரு ஃபைல் இருக்கும். அதுல ஒரே ஒரு வரி. 40 எழுத்து, வரி முடிவுக்கு ஒண்ணு, ஆகமொத்தம் 41 பைட். அந்த 40 எழுத்துதான் கடைசிக் கமிட்டோட முகவரி. அங்க ஃபைலைக் காணோம்னா பதற வேணாம், பேக்டு ரெஃப்ஸ்னு ஒரே ஃபைலுக்குள்ள எல்லாத்தையும் சேர்த்து எழுதி வச்சிருக்கும். ஆறு மாசம் பத்துப் பேரு சேர்ந்து எழுதின நிரலோட "கிளை" அந்த 41 பைட்தான். ஒரு எஸ்.எம்.எஸ். நீளம்கூட வராது.

ஹெட்ங்கிறது "நான் இப்ப எந்த ஆணிகிட்ட உக்காந்து கட்டிக்கிட்டிருக்கேன்"னு சொல்ற சீட்டு. அதுல பொதுவா கிளையோட பேருதான் இருக்கும். சில சமயம் பேரு இல்லாம நேரா ஒரு கமிட்டோட முகவரி இருக்கும். இதைத்தான் டிட்டாச்டு ஹெட்னு பயமுறுத்துறாய்ங்க. தலை துண்டாப் போச்சுன்னு அர்த்தமில்ல. ஆணியில மாட்டாம, கையிலயே பிடிச்சுக்கிட்டு சரம் கட்டுற மாதிரி. கட்டலாம், தப்பில்ல. கையை விட்டா கீழ விழும். விடுறதுக்கு முன்னாடி ஒரு ஆணி அடிச்சுட்டா, அதாவது ஒரு கிளைப் பேரு குடுத்துட்டா, முடிஞ்சது வேலை.

நாமெல்லாம் ஆபீஸ் வேலையை "ஆணி புடுங்குறது"ன்னு காலங்காலமாச் சொல்லிட்டு வர்றோம். கிட்ல மட்டும் அதுக்கு நேரடி அர்த்தமே இருக்கு. கிளையை அழிக்கிறதுன்னா ஆணியைப் புடுங்குறதுதான். சரம் கீழ கெடக்கும், ஒரு பூகூட உதிராது. ஆனா கூட்டுறவங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும். அந்தக் கதை பின்னாடி.

*

ஆணி கழண்டா என்ன செய்யணும்?

முதல்ல ஒண்ணும் செய்யக்கூடாது. இது கேலி இல்ல. டாட் கிட் ஃபோல்டரை அப்படியே வேற எடத்துல ஒரு நகல் எடுத்து வைக்கணும். அதுக்கப்புறம் எந்த வைத்தியம் பார்த்தாலும் நோயாளி சாக மாட்டான்.

அப்புறம் டெர்மினல்ல கொஞ்சம் மேல தள்ளிப் பாருங்க. கிளையை அழிக்கும்போதே கிட், "இன்ன கிளையை அழிச்சேன், அது இன்ன எடத்துல இருந்துச்சு"ன்னு முகவரியோட முதல் சில எழுத்தைச் சொல்லிட்டுத்தான் அழிக்குது. அதைப் படிக்கிற ஆளுதான் கிடையாது. அந்த எழுத்துகள் கெடைச்சா, "கிட் பிராஞ்ச்", கிளையோட பேரு, அந்த முகவரி. அஞ்சு செகண்டு வேலை.

அது போயிருச்சா? "கிட் ரிஃப்லாக்"னு தட்டுங்க. பூக்கடையில வைக்கிற கணக்கு நோட்டு மாதிரி இது. எந்த ஆணியில, எப்ப, எந்தச் சரத்தை மாட்டினோம்கிறது வரிசையா இருக்கும். தப்பான எடத்துக்கு ரீசெட் பண்ணிட்டீங்களா, ரீபேஸ்ல மண்டை காய்ஞ்சு எல்லாம் கலைஞ்சு போச்சா, நோட்டுல முந்தின வரியைப் பார்த்து அந்த எடத்துக்குத் திரும்பிடலாம். ஒரு சூட்சுமம் இருக்கு. கிளையை அழிச்சா அந்தக் கிளைக்குன்னு இருந்த நோட்டும் கூடவே போயிரும். ஆனா ஹெட்டுக்குன்னு தனியா ஒரு நோட்டு இருக்கு. நீங்க அந்தக் கிளையில ஒருதடவையாவது உக்காந்து வேலை பார்த்திருந்தா அதுல தடயம் இருக்கும்.

அதுலயும் இல்லையா? "கிட் எஃப்எஸ்சிகே", கூட "லாஸ்ட் ஃபவுண்ட்"ங்கிற தேர்வு. தரையில கெடக்கிற சரத்தையெல்லாம் பொறுக்கிக் கொண்டாந்து ஒரு எடத்துல வைக்கும். ஒவ்வொண்ணையும் "கிட் ஷோ" போட்டுப் பார்த்தா உங்களோடது எதுன்னு தெரிஞ்சுரும். அழிஞ்சுபோன ஸ்டாஷைக்கூட இப்படி எடுக்கலாம், ஏன்னா ஸ்டாஷும் உள்ளுக்குள்ள கமிட்தான்.

இப்ப நம்ம ஊருக்கே உரிய ஒரு வியாதிக்கு வர்றேன். மின்வெட்டு.

2012 வாக்குல சென்னையைத் தாண்டி இருந்தவங்களுக்கு அது ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலயும் கரண்ட் இல்லாம இருந்த காலம். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில கமிட் அடிச்ச அதே நொடியில கரண்ட் போனா என்ன ஆகும்? ஃபைல் உருவாகியிருக்கும், உள்ள எழுதினது வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. திரும்ப வந்து பார்த்தா அந்த 41 பைட் ஃபைல் 0 பைட்டா நிக்கும், இல்ல வெறும் பூஜ்ஜியமா நெறஞ்சிருக்கும். கிட் "இந்தக் கிளை உடைஞ்சிருக்கு"ன்னு சொல்லும். இங்கதான் நம்மாளுங்க ஃபோல்டரை அழிப்பாய்ங்க.

வேணாம். டாட் கிட்டுக்குள்ள லாக்ஸ், ரெஃப்ஸ், ஹெட்ஸ்னு போனா அதே கிளையோட பேர்ல இன்னொரு ஃபைல் இருக்கும். சாதாரண எழுத்து ஃபைல்தான். ஒவ்வொரு வரியிலயும் முதல்ல பழைய முகவரி, அடுத்து புது முகவரி, யாரு, எப்ப, என்ன செஞ்சாங்க. கடைசி உருப்படியான வரியில ரெண்டாவதா இருக்கிற முகவரியை எடுங்க. "கிட் கேட் ஃபைல்" போட்டு அந்தக் கமிட் நெசமாவே முழுசா இருக்கான்னு பாருங்க. கரண்ட் போனப்ப அந்தக் கமிட்டும் சேர்ந்தே கெட்டுப் போயிருக்கலாம். அப்படின்னா அதுக்கு முந்தின வரி. நல்ல முகவரி கெடைச்சதும், கெட்டுப்போன ஃபைலை ஓரமா நகர்த்திட்டு, "கிட் அப்டேட் ரெஃப்" போட்டு ஆணியைத் திரும்ப அடிங்க. நீங்க எழுதின ஃபைல்கள் பொதுவா வேலைத்தளத்துல அப்படியே இருக்கும், அதனால கடைசிக் கமிட்டே போயிருந்தாலும் மறுபடி கமிட் பண்ணிக்கலாம்.

நோட்பேடுல திறந்து 40 எழுத்தைக் கையால எழுதலாமேன்னு கேக்கலாம். பழைய முறையில அது வேலை செய்யும். ஆனா 2024-ல வந்த 2.45 பதிப்புல இருந்து ரெஃப்டேபிள்னு வேற ஒரு சேமிப்பு முறையும் இருக்கு. அதுல கிளைக்கொரு ஃபைல்னு எதுவும் கிடையாது. கட்டளை வழியாப் போனா எந்த முறையா இருந்தாலும் சரியா நடக்கும், போட்ட முகவரி செல்லுமான்னும் அதுவே பார்த்துக்கும். இன்னொண்ணு, 2022-ல வந்த 2.36 பதிப்புல கோர் எஃப்சிங்க்னு ஒரு அமைப்பு குடுத்திருக்காங்க. கிளைச் சுட்டிகளை வட்டுல உறுதியா எழுதிட்டு அப்புறம் நகருன்னு அதுல சொல்லி வைக்கலாம். அடிக்கடி கரண்ட் போற ஊர்க்காரங்க கண்டிப்பா போட்டு வைங்க.

*

அடுத்தவன் சரத்தைக் கழட்டுறது

இதுவரைக்கும் சொன்னது நம்ம வீட்டு ஆணி. பொது எடத்துல இருக்கிற ஆணிக்கு வருவோம். ஃபோர்ஸ் புஷ்.

சாதாரணமா புஷ் பண்ணா, சர்வர்ல இருக்கிற சரத்துக்கு மேல உங்க பூவைச் சேர்த்துக் கட்டத்தான் விடும். ஃபோர்ஸ் போட்டா, அங்க தொங்குற சரத்தைக் கழட்டிப் போட்டுட்டு உங்க சரத்தை மாட்டும். நடுவுல இன்னொருத்தர் பத்துப் பூ கட்டியிருந்தா அது தரையில.

2013 நவம்பர்ல ஜென்கின்ஸ் திட்டத்துக்கு இது பெரிய அளவுல நடந்துச்சு. ஒருத்தரோட கெரிட் சர்வர்ல இருந்த நகல் அமைப்பு தவறிப்போய், கிட்ஹப்ல இருந்த 186 களஞ்சியத்தோட கிளைகளைப் பழைய நிலைக்குத் தள்ளி விட்டுருச்சு. பல பேரோட வேலை ஒரே வீச்சுல காணாமப் போன மாதிரி தெரிஞ்சது. ஆனா பூ எதுவும் போகல. ஆணிகள்தான் பழைய எடத்துக்கு நகர்ந்திருந்துச்சு. கிட்ஹப் ஆதரவுக் குழு உதவியோட, ஒவ்வொரு கிளையும் முன்னாடி எங்க நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சு, திருப்பி மாட்டினாங்க. எனக்கு இந்தச் சம்பவத்துல பிடிச்சது என்னன்னா, அதை யாரும் மறைக்கல. என்ன நடந்துச்சுன்னு பொதுவெளியில எழுதி வச்சாங்க. அதனாலதான் நாம இன்னைக்கு அதைப் பத்திப் பேச முடியுது.

அதே மாசக் கடைசியில வந்த கிட் 1.8.5 பதிப்புலதான் "ஃபோர்ஸ் வித் லீஸ்" வந்துச்சு. "நான் கடைசியாப் பார்த்தப்ப அங்க இந்தச் சரம்தான் தொங்குச்சு, இப்பவும் அதுதான் தொங்குதுன்னா மட்டும் மாத்து"ங்கிற நிபந்தனையோட வர்ற புஷ். சில எடிட்டர்கள் பின்னணியில தானாவே ஃபெட்ச் பண்ணி இந்தப் பாதுகாப்பை ஏமாத்திரும். அதுக்காக 2.30 பதிப்புல "ஃபோர்ஸ் இஃப் இன்க்ளூட்ஸ்"னு இன்னொரு பூட்டும் போட்டாங்க. அதே மாதிரி, 2014-ல வந்த 2.0 பதிப்புக்கு முன்னாடி, கிளைப் பேரு சொல்லாம வெறுமனே புஷ் அடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே பேர்ல இருக்கிற எல்லாக் கிளையும் சேர்ந்து போகும். ஃபோர்ஸோட அடிச்சா கேக்கவே வேணாம். 2.0-ல இருந்துதான் நிக்கிற கிளை மட்டும் போகுதுன்னு மாத்தினாங்க. கருவியிலயே பூட்டு போட முடியும்கிறதுக்கு இதெல்லாம் சாட்சி.

ஆபீஸ்ல சொந்த சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வர்ல இருக்கிறது பேர் களஞ்சியம், அதாவது வேலைத்தளம் இல்லாத வெறும் களஞ்சியம். அதுல ரிஃப்லாக் தானா எழுதப்படாது. அதாவது கணக்கு நோட்டே கிடையாது! "கோர் லாக் ஆல் ரெஃப் அப்டேட்ஸ்"ங்கிற அமைப்பை நாமளே போட்டு விட்டாத்தான் எழுதும். இதை இன்னைக்கே பாருங்க. ரெண்டு நிமிச வேலை. கூடவே, ஃபோர்ஸ் புஷ்ஷையும் கிளை அழிப்பையும் மறுக்கிற ரெண்டு ரிசீவ் அமைப்புகள் இருக்கு, முக்கியமான களஞ்சியத்துல அதையும் போட்டு வைங்க.

*

நகல் இருந்தா போதுமா?

"கிட்தான் ஆளாளுக்கு முழு நகல் வச்சிருக்கே, அப்புறம் என்ன பயம்"னு கேக்கிறவங்களுக்கு கேடிஈ கதை.

2013 மார்ச்ல கேடிஈ திட்டத்தோட தலைமை கிட் சர்வர்ல கோப்பு முறைமை கெட்டுப் போச்சு. அவங்ககிட்ட உலகம் பூரா கண்ணாடி சர்வர்கள் இருந்துச்சு. ஆனா கண்ணாடியோட வேலை என்ன? எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியைக் காட்டுறது. தலைமை சர்வர் அழுகின மூஞ்சியைக் காட்டினா கண்ணாடியும் அதையேதான் காட்டும். தலைமை சர்வர் குடுத்த கெட்டுப்போன பட்டியலை நம்பி, கண்ணாடிகளும் அதே மாதிரி மாறிருச்சு. சுமார் 1500 களஞ்சியம் மொத்தமாப் போயிருக்க வேண்டியது. வேற ஒரு சர்வர்ல தப்பிச்சிருந்த ஒரு நல்ல நகலால பிழைச்சாங்க. அதுக்கப்புறம் நகல் எடுக்கிற முறையையே யோசிச்சு மாத்தினாங்க.

பாடம்: கண்ணாடி வேற, காப்பு நகல் வேற. தப்பையும் உடனே நகலெடுக்கிற நகல் தப்புல இருந்து காப்பாத்தாது. நேத்து எப்படி இருந்துச்சு, போன வாரம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ற நகல்தான் காப்பாத்தும்.

*

கூட்டுறவங்க எப்ப வருவாங்க?

கிட்ல கார்பேஜ் கலெக்‌ஷன்னு ஒரு துப்புரவு இருக்கு. எந்த ஆணியிலயும் மாட்டாத பூவை ஒரு நாள் கூட்டித் தள்ளும். ஆனா உடனே இல்ல. மாத்தாம விட்டா, நோட்டுல சாதாரண வரிகள் 90 நாள் இருக்கும். கிளையில இருந்து எட்ட முடியாத கமிட்டுகளோட வரிகள் 30 நாள். நோட்டுலயும் இல்லாத பொருள்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் துடைப்பம். ஆக, பொதுவா ஒரு மாசம் உங்க கையில இருக்கு. "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கிளை இருந்துச்சுண்ணே"ன்னு வந்து நின்னா கஷ்டம்.

இங்கதான் உ.வே.சா. வர்றார்.

1887-ல சீவக சிந்தாமணி, 1889-ல பத்துப்பாட்டு, 1892-ல சிலப்பதிகாரம், 1894-ல புறநானூறுன்னு அவர் அச்சுல கொண்டு வந்த எதுவும் அழிஞ்சுபோன நூல் இல்ல. ஏடு இருந்துச்சு. மடத்துல, பரண்ல, கவிராயர் வீட்டுப் பெட்டியில. எது எங்க இருக்குங்கிற சுட்டிதான் ஊருக்குத் தெரியாமப் போயிருந்துச்சு. ஊர் ஊராப் போய் அவர் செஞ்சது தரையில கெடந்த சரத்தைப் பொறுக்கி ஆணியில மாட்டுற வேலைதான். அவருக்கும் துடைப்பம் முந்திக்கிட்ட எடம் உண்டு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனப்ப, பழைய ஏடுகளை முறைப்படி நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டுட்டதாச் சொன்னாங்கன்னு தன்னோட சுயசரிதையில எழுதியிருக்கார். செஞ்சவங்க யாரும் கெட்டவங்க இல்ல. மக்கிப்போன பழசை மரியாதையா அப்புறப்படுத்தினோம்னுதான் நெனைச்சிருப்பாங்க. ஃபோல்டரை அழிச்சுட்டு ரீக்ளோன் பண்ற தம்பியும் கெட்டவன் இல்ல. சுத்தம் பண்றதாத்தான் நெனைக்கிறான்.

முதல் ரெண்டு சங்கத்து நூல்களைக் கடல் கொண்டு போச்சுன்னு சொல்ற ஊர்க்காரங்க நாம. வைகையில எதிர்நீச்சல் போட்டு ஏடு கரையேறிச்சுன்னு சோழவந்தான் பக்கத்துல திருவேடகம்னு ஒரு ஊருக்கே பேரு வச்சிருக்கோம். தொலைஞ்சதோட வலியும், திரும்பி வந்ததோட அருமையும் நமக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்?

*

எதிர்வாதங்கள்

ஒண்ணு: "கருவியிலேயே பட்டன் இருக்கே, உள்ள இருக்கிறது எதுக்கு?" பட்டன் இருக்கட்டும், நல்லது. கிட்ஹப்லகூட இப்ப ஆக்டிவிட்டின்னு ஒரு பக்கம் இருக்கு, ஃபோர்ஸ் புஷ் எப்ப நடந்துச்சு, கிளை முன்னாடி எங்க நின்னுச்சுன்னு காட்டுது. ஆனா கிளைன்னா வெறும் சுட்டின்னு தெரியாதவன் அந்தப் பக்கத்தைத் தேடியே போக மாட்டான். அவனைப் பொறுத்தவரை பொருளே அழிஞ்சு போச்சு. இல்லாத பொருளை எவன் தேடுவான்?

ரெண்டு: "ஃபோர்ஸ் புஷ்ஷையே தடை பண்ணிட்டா?" முக்கியக் கிளைக்குத் தடை போடுங்க, நானே மேல சொன்னேன். ஆனா தடை உங்க சர்வரைத்தான் காக்கும். அவங்கவங்க பொட்டிக்குள்ள நடக்கிற ரீசெட்டையும் மின்வெட்டையும் எந்தத் தடை நிறுத்தும்?

மூணு: "ரீக்ளோன் தப்பே இல்ல, வேகமா முடியும்." எல்லாத்தையும் புஷ் பண்ணிட்ட களஞ்சியம், ஸ்டாஷ் எதுவும் இல்ல, தனிக் கிளையும் இல்லன்னா தாராளமா பண்ணலாம். பக்கத்துலயே புதுசா ஒரு க்ளோன் எடுத்து வச்சுக்கிட்டு, பழையதை ஒரு மாசம் ஓரமா போட்டு வைங்க. அழிக்கிறதுக்கு என்ன அவசரம்? வட்டுல எடமா இல்ல?

நாலு, யாரும் வெளிய சொல்லாத காரணம்: பயம். கிளையைத் தொலைச்சேன்னு சொன்னா திட்டுவாங்கன்னு புதுசா வந்த புள்ளைங்க மறைக்குதுங்க. மறைக்கிற நேரம் பூரா துடைப்பத்துக்கு நேரம் கூடுது. முதல் மணி நேரத்துல சொன்னா அஞ்சு நிமிச வேலை, ரெண்டு மாசம் கழிச்சுச் சொன்னா ஆண்டவன் விட்ட வழி. "யாருடா இதைப் பண்ணது?"ன்னு கேக்கிற டீம் லீடரை விட, "ரிஃப்லாக் பார்த்தியா தம்பி?"ன்னு கேக்கிற டீம் லீடர் நூறு மடங்கு வேலையை மிச்சப்படுத்துவார்.

*

இதுல என் கவலை ஆபீஸ் நிரலைப் பத்திக்கூட இல்ல. அதுக்குச் சம்பளம் வாங்குற ஆளுங்க இருக்காங்க. தமிழுக்குன்னு ராத்திரி முழிச்சு வேலை பார்க்கிற ஆட்களோட களஞ்சியங்களைப் பத்தித்தான். எழுத்துரு, சொற்பட்டியல், பிழைதிருத்தி, மின்னூல், ஓப்பன் தமிழ் மாதிரியான நிரல் தொகுப்புகள். பெரிய திட்டத்துல ஆயிரம் பேர் க்ளோன் வச்சிருப்பாங்க, ஒருத்தன் ஃபோர்ஸ் புஷ் அடிச்சா இன்னொருத்தன் பொட்டியில நல்ல நகல் இருக்கும். நம்ம ஆட்கள் வச்சிருக்கிற சின்னக் களஞ்சியத்துக்கு நாலு க்ளோன் இருந்தாலே அதிசயம். பராமரிக்கிறவர் ஒருத்தர்தான். அவர் பொட்டியில ஆணி கழண்டு, அவரும் ரீக்ளோன் பண்ணிட்டா, அந்த வேலையை வேற யாரும் மறுபடி செய்யப் போறதில்ல. அதனால உங்களுக்குப் பிடிச்ச ஒரு தமிழ்க் களஞ்சியத்தை இன்னைக்கே க்ளோன் எடுத்து வைங்க. நிரல் எழுதத் தெரியாட்டிப் பரவால்ல. ஒரு நகல் வச்சிருக்கிறதே ஒரு பங்களிப்புதான். மாசம் ஒருதடவை ஃபெட்ச் பண்ணுங்க, பழைய நகலையும் ரெண்டு மூணு மாசம் விட்டு வைங்க. கேடிஈ-யைக் காப்பாத்தினதும் இப்படித் தப்பிச்ச ஒரு நகல்தான்.

குழுவுல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுசா ஆள் சேர்ந்தா முதல் நாளே ஒரு விளையாட்டுக் களஞ்சியம் குடுங்க. மூணு கமிட் போடச் சொல்லுங்க. கிளையை அழிக்கச் சொல்லுங்க. மீட்கச் சொல்லுங்க. அடுத்து ரெஃப் ஃபைலைக் காலி பண்ணச் சொல்லுங்க, லாக்ல இருந்து மீட்கச் சொல்லுங்க. அரை மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு கிட்டைக் கண்டா பயமே இருக்காது. பயமில்லாதவன் ஃபோல்டரை அழிக்க மாட்டான்.

பி.கு. 1: 2020 அக்டோபர்ல இருந்து கிட்ஹப்ல புதுக் களஞ்சியத்துக்கு மாஸ்டருக்குப் பதிலா மெயின்னு பேரு வருது. பழைய களஞ்சியத்துலயும் பல பேரு பேரை மாத்திட்டாங்க. உங்க பழைய க்ளோன் மாஸ்டரையே தேடிக்கிட்டு முழிச்சா, அதுக்கும் ரீக்ளோன் வேணாம். உங்க கிளைக்கும் மெயின்னு பேரு மாத்தி, அப்ஸ்ட்ரீமைப் புதுக் கிளைக்குத் திருப்பி, "கிட் ரிமோட் செட் ஹெட்" ஒருதடவை போட்டா போதும். எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்னு பேரு வச்சப்புறமும் நாம மாட்டுத்தாவணின்னுதான் சொல்லி ஏறுறோம், பஸ் சரியாத்தான் போகுது. பழைய பேர்லயே தட்டிப் பழகின கை கேக்கலைன்னா, சிம்பாலிக் ரெஃப்னு ஒண்ணு இருக்கு. மாஸ்டர்னு சொன்னா மெயினைக் காட்டும்.

பி.கு. 2: தொலைஞ்ச கிளையை வேற குறுக்கு வழியில மீட்டவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எஃப்எஸ்சிகே-யிலயும் கெடைக்காம மீட்ட கதை இருந்தா தனிப் பதிவாவே போடுங்க, மொத ஆளா வந்து படிக்கிறேன் :-)